ரயர்க்கடைக் காற்றும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும்: ஒரு கமராச் சென்சரைத் திரவத்தால் துப்புரவாக்கிய நிகழ்வின் ஆய்வு

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், முள்ளியவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு வந்த இளம் படப்பிடிப்பாளர் ஒருவர், துவாயில் சுற்றியிருந்த கமராவை என் மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, வானத்திலை எல்லாப் படத்திலையும் ஒரே இடத்திலை புள்ளி விழுது. துடைச்சும் பாத்தன், கூடிப் போச்சு" என்றார். எதனால் துடைத்தார் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதனால் அரை நாள் வீணாயிற்று.

கமரா, ஏ.பி.எஸ்-சி எனப்படும் அளவுச் சென்சர் (படத்தைப் பதியும் ஒளியுணர் தகடு) கொண்ட ஒரு டி.எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையில், படம் எடுக்கும்போது எழும்பி விலகும் முகக்கண்ணாடி உள்ள வகை. 23.5 மில்லிமீற்றர் அகலமும் 15.6 மில்லிமீற்றர் உயரமும் உள்ள பரப்பில் 24 மெகாபிக்சல், பழையதாக வாங்கியது. கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோவில் திருவிழா என்று இரண்டு ஆண்டுகளாக அவருக்கு உழைத்துக் கொடுத்த அந்தக் கமராவில் அதுவரை ஒரு புள்ளியும் விழவில்லை என்றும், சிறுபோக அறுவடையைப் படம் எடுப்பதற்காக முத்தையன்கட்டுப் பக்கம் போய்வந்த பிறகே இந்தத் தொல்லை தொடங்கியதென்றும் அவர் உறுதியாகச் சொன்னார். அவர் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவில் ஒரு பகுதிதான் சரி. மண்டபத்துக்குள் எஃப் 2.8, எஃப் 4 என்று லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் ஒடுங்கும்) எடுத்தவர், வயல்வெளியில் வெயிலுக்கு எஃப் 16 வரை ஒடுக்கியிருக்கிறார். பழைய தூசி அன்றுதான் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இதன் கணக்கு எளிது. நாம் சென்சர் என்று சொல்லித் துடைப்பது உண்மையில் சென்சரை அல்ல. அதன் முன்னால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, நுண்கோடுகளை மென்மையாக்கும் வடிகட்டி என்று அடுக்காக இருக்கும் தகடுகளின் மேற்பரப்பை. தூசி அந்த மேற்பரப்பில் உட்காருகிறது. ஒளியை உணரும் பகுதி அதற்குக் கீழே இருக்கிறது. இடைவெளியை ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிக்சலை நோக்கிக் குவியும் ஒளிக்கூம்பு தூசி இருக்கும் மட்டத்தில் எஃப் 2.8 இல் ஏறத்தாழ 0.36 மில்லிமீற்றர் அகலமாகவும், எஃப் 22 இல் ஏறத்தாழ 0.045 மில்லிமீற்றர் அகலமாகவும் இருக்கும். 0.05 மில்லிமீற்றர் தூசி முதலாவது கூம்பில் ஒரு சிறு மூலையை மறைக்கும். இரண்டாவதை முழுவதுமாக அடைத்துவிடும். ஆகவே அகலத் துவாரத்தில் எடுத்த படத்தைக் காட்டி "சென்சர் சுத்தம்" என்று யாராவது சொன்னால், குறிப்பாகப் பழைய கமரா வாங்குகிறவர்கள், நம்பிவிடக் கூடாது.

சோதனைப் படத்தை எப்போதும் ஒரே விதமாகவே எடுக்கிறேன். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 22, லென்ஸின் ஃபோகஸைக் கையால் மிக அண்மைக்குத் திருப்பிவிட்டு, முகில் இல்லாத வானத்தையோ கணினித் திரையின் வெள்ளைப் பக்கத்தையோ நோக்கி, ஷட்டர் திறந்திருக்கும்போது கமராவைச் சற்று அசைத்து எடுப்பது. அசைத்தால் வெளியே உள்ளவை எல்லாம் கரைந்துவிடும். சென்சரோடு ஒட்டியிருப்பது மட்டும் நகராமல் நிற்கும். பிறகு கணினியில் கொன்ட்ராஸ்டைக் கூட்டி, முழு அளவில் மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். படத்தில் மேலே தெரியும் புள்ளி, கமராவை முன்பக்கமாகப் பார்க்கும்போது சென்சரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். இடம் வலம் மாறாது. இதை மறந்து தவறான மூலையைத் துடைத்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

புள்ளிகளை வாசித்தல்

அந்தப் படம் எனக்கு ஒருவிதத்தில் அதிர்ச்சிதான். கரிய, ஒழுங்கற்ற விளிம்புடைய தூசிப் புள்ளிகள் ஆறேழு இருந்தன, அவற்றை எதிர்பார்த்தேன். அவற்றைவிட வட்டமான, நடு வெளிறி விளிம்பு இருண்ட வளையங்கள் முப்பதுக்கு மேல் பரவிக் கிடந்தன. இவை இரண்டுக்கும் அடியில், வலது ஓரத்திலிருந்து நடுவரை, மண்ணெண்ணெய் விழுந்த தண்ணீரின் மேல் தெரியும் நிறம்போல ஒரு மெல்லிய படலம் வளைவு வளைவாக ஓடியது. இரண்டு இடங்களில் நூல் போன்ற வளைந்த கோடுகள். பஞ்சின் இழை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

தூசி வேறு, எண்ணெய் வேறு, காய்ந்த நீர்த்துளி வேறு, படலம் வேறு. திரவத் துப்புரவில் நான் கண்ட பிழைகளுள் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் போத்தலைத் திறப்பதில்தான் தொடங்குகின்றன. தூசிக்குக் காற்றுப் போதும். எண்ணெய்த்துளி காற்றுக்கு அசையாது. அதைக் கரைக்க வேண்டும் அல்லது ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த நீர்த்துளியின் உப்பு அல்கஹோலில் இலகுவில் கரையாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்சியத்தைக் கேத்தலின் அடியில் காண்கிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

வட்ட வளையங்களைக் கண்டதும் ஷட்டரிலிருந்து தெறித்த எண்ணெய் என்று முடிவுகட்டினேன். அப்படி நினைத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. 2012 இல் வந்த நிக்கோன் டி600 கமராவில் படத்தின் மேல் இடப்பக்கத்தில் புள்ளிகள் சேர்வது பெரிய முறைப்பாடாகி, 2013 பெப்ரவரியில் அந்த நிறுவனமே அதை ஏற்றுக்கொண்டு அறிவித்தல் விட்டு, 2014 இல் ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுக்கும் வரை போனது. ஆனால் அந்த வகைப் புள்ளிகள் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். என் முன்னால் இருந்தவையோ தாச்சிச் சட்டியிலிருந்து தெறித்ததுபோல நான்கு மூலைக்கும் பரவியிருந்தன. இது என் முடிவுக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராததை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்கலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தடயத்தைத் தந்தது மணம். லென்ஸைக் கழற்றி, கமராவின் வாயை முகத்துக்கு அண்மையில் பிடித்தபோது, உள்ளிருந்து நோவெண்ணெய் மணம் மெல்லியதாக வந்தது. விளையாட்டுப் போட்டி நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் அடிக்குமே, அதே மணம். கமராவுக்குள் அந்த மணத்துக்கு வேலை இல்லை. கமராவைக் கொண்டுவந்த தம்பியைக் கூப்பிட்டு, "ஒளிக்காமல் சொல்லும், என்னவெல்லாம் செய்தனீர்?" என்று கேட்டேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்தவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வயலில், அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த பக்கமாக, கச்சான் காற்று வீசும் வேளையில் லென்ஸ் மாற்றியிருக்கிறார். புள்ளிகளைக் கண்டதும் வாயால் ஊதியிருக்கிறார். போகாததனால் ரயர் ஒட்டும் கடையொன்றில் கொம்பிரசர் குழாயைப் பிடித்துக் காற்றடித்திருக்கிறார். அதன் பிறகு புள்ளிகள் பல மடங்காகிவிட்டன. அடுத்த நாள் கல்யாண வீடு. துப்புரவாக்கக் கொழும்புக்குப் போவதென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், கமராவையும் அங்கே விட்டுவிட்டு வரவேண்டும். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, காது துடைக்கும் கொட்டன் குச்சியில் தோய்த்து, ஷட்டரை 30 செக்கனுக்குத் திறந்து வைத்து, அந்த நேரத்துக்குள் துடைத்திருக்கிறார். மூன்று தடவை.

மூன்று தடவையும் ஷட்டர் குச்சியின் மேல் மூடிக்கொள்ளாதது அவருடைய அதிர்ஷ்டம். 30 செக்கன் முடிந்தால் மூடிவிடும். பற்றரி நடுவில் இறங்கினாலும் மூடிவிடக்கூடும். ஷட்டரின் தகடுகள் மிக மெல்லியவை. ஒன்று மடிந்தால் ஷட்டரையே மாற்ற வேண்டும்.

என்ன நடந்திருக்கிறது

ரயர்க்கடைக் கொம்பிரசரின் தாங்கியில் நீரும் மசகெண்ணெயும் சேர்ந்திருக்கும். அழுத்திய காற்று வெளியே வரும்போது இரண்டையும் நுண்துளிகளாகச் சுமந்து வரும். ரயருக்கு அதனால் கேடில்லை. சென்சரின் மேல் பரவியிருந்த வளையங்கள் அந்தக் கனிய எண்ணெயின் துளிகள். நான்கு மூலைக்கும் தெறித்திருந்ததன் காரணமும் அதுவே; ஷட்டர் குற்றமற்றது.

படலத்தின் கதை சற்று நுட்பமானது. ஸ்பிரிட் என்றால் ஆவியாகிப் போகும், மிச்சம் இராது என்பதே பொதுவான நம்பிக்கை. பிரித்தானிய மருந்துநூலில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டுக்கு உள்ள வாய்பாட்டைப் பார்த்தால் அல்கஹோலோடு 2.5 வீதம் ஆமணக்கெண்ணெயும், 2 வீதம் டைஎதில் தலேற்றும், 0.5 வீதம் மெதில் சலிசிலேற்றும் உண்டு. தோலில் பூசுவதற்காகச் செய்த பொருள்; தோல் வறண்டுவிடாமல் இருக்கவே எண்ணெய். மூன்றாவதாகச் சொன்னதுதான் நோவெண்ணெய்க்கு அந்த மணத்தைக் கொடுப்பது. அல்கஹோல் பறந்தபின் ஆமணக்கெண்ணெய் கண்ணாடியில் தங்கிவிட்டது. தம்பி மூன்று தடவை துடைத்தாரென்றால் மூன்று தடவை எண்ணெய் பூசினார் என்று பொருள். அதிகமாக நனைத்ததனால் வழிந்தோடிய பகுதி வலது ஓரத்தில், கண்ணாடி சட்டத்தோடு சேரும் இடுக்கில் போய்த் தேங்கியிருந்தது.

இதே காரணத்துக்காகவே கைச் சுத்திகரிப்பானும் ஆகாது. 2020 முதல் ஒவ்வொரு கடை மேசையிலும் இருந்த அந்தப் போத்தலை நினைத்து "அதுவும் அல்கஹோல்தானே" என்று கேட்டவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் அதில் 1.45 வீதம் கிளிசரோல் இருக்கிறது, அது பறக்காது. யன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வயல் தூசி இன்னொரு பிரச்சினை. கதிர் அறுத்த வயலில் நின்றவர்களின் கழுத்தைக் கடிக்கும் சுணை வெறும் வைக்கோல் துகள் அல்ல. நெல் உமியில் சிலிக்கா செறிந்திருக்கிறது. உமியை எரித்த சாம்பலின் பெரும்பகுதி அதுவே. வன்னியின் செம்மண்ணோ குவார்ட்ஸ் மணலோடு கலந்தது. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடியின் கடினம் அதற்குக் கீழே. இந்தத் துகள்கள் மேலிருக்கும்போது எந்த ஈரத் துணியை இழுத்தாலும் அது மணற்கடுதாசி ஆகிவிடும். திரவம் கடைசிப் படி என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகவே.

கமரா தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாக, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் புளோவரோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் சேவை நிலையத்திடம் விடச் சொல்கின்றன. அந்த எச்சரிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. 2003 இல் ஒலிம்பஸ் இ-1 கமராவோடு வந்த, வடிகட்டியை அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் முறை இன்று பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது. உலர்ந்த தூசிக்கு அதுவும் புளோவரும் பல தடவை போதுமானவை. இங்கே ஒட்டியிருந்தது எண்ணெய். தொடாமல் முடியாது.

திரவத்தைத் தேர்ந்தது

என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, சென்சருக்கென்றே விற்கப்படும் தூய மெதனோல் திரவத்தின் சிறு போத்தல். மற்றது, கொழும்பிலிருந்து மூடி உடைக்காமல் வந்த 99.9 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, போன் திருத்தும் கடையொன்றில் மின்சுற்றுப் பலகை கழுவ வைத்திருந்த ஐசோபுரோப்பைலிலும் கொஞ்சம் வாங்கினேன்.

எந்தத் திரவத்தையும் சென்சருக்குக் கொண்டுபோகுமுன் நான் செய்யும் சோதனை செலவில்லாதது. லென்ஸின் முன்னால் மாட்டும் சுத்தமான யூ.வி. ஃபில்டர்க் கண்ணாடி ஒன்றின் மேல் ஒரு துளியை விட்டு, மூடாமல் காயவிட்டு, இருட்டில் டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்து அடித்துப் பார்ப்பது. தம்பியின் ஸ்பிரிட், நத்தை ஊர்ந்த தடம்போல மினுங்கும் ஒரு வட்டத்தை விட்டது. விரலால் தொட்டபோது வழுக்கியது. கடை ஐசோபுரோப்பைல் மெல்லிய வெண்ணிற வளையம் ஒன்றை விட்டது. திரவத்தின் குற்றமோ, அதை ஊற்றி வைத்த போத்தலின் குற்றமோ, எதுவானாலும் அது தகுதியற்றது. மற்ற இரண்டும் எதையும் விடவில்லை. இந்தச் சோதனையைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் தம்பிக்கு விஷயம் விளங்கியது. நான் வாயால் சொன்னபோது விளங்கவில்லை.

மெதனோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நஞ்சு, தோலினூடாகவும் உட்புகும், குடித்தால் கண் போகும், உயிரும் போகும். 11, 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவதால், 34 பாகை அடிக்கும் எங்கள் ஊரில் எந்நேரமும் ஆபத்தான நிலையில்தான் போத்தலுக்குள் இருக்கிறது. என் அறையில் சாமிப் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கை அன்று வேலை முடியும் வரை ஏற்றவில்லை, சாம்பிராணியும் இல்லை. சாம்பிராணிப் புகைக்கு இன்னொரு தடையும் உண்டு, அதன் பிசின் லென்ஸிலும் சென்சரிலும் படியும்.

ஞாயிறு காலை

வேலையை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக்கு வைத்துக்கொண்டேன். கச்சான் காற்று வெயில் ஏறினால் வீதிப் புழுதியை வீட்டுக்குள் கொண்டுவரும்; வெயிலில் மெதனோல், ஸ்வாப்பின் (நுனியில் துணி சுற்றிய தட்டையான துடைப்புக் குச்சி) நுனியிலிருந்து பாதி வழியிலேயே காய்ந்து, கோடு போடும். முதல்நாள் இரவே நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, யன்னல்களைச் சாத்திவிட்டேன். காற்றாடியையும் நிறுத்த வேண்டும். அந்த அறையில் குனிந்திருப்பவரின் நெற்றி வியர்வை கமராவின் வாய்க்கு நேரே விழும் என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை; தலையில் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதன் மேல் தலைவிளக்கை மாட்டினேன். பெருக்கிப் பார்க்க, மணிக்கூடு திருத்துபவர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு வில்லை.

முழுதாக ஏற்றிய பற்றரியைப் போட்டு, மெனுவில் சென்சர் துப்புரவுக்கென்று உள்ள வசதியினால், சென்சரை மறைத்து நிற்கும் முகக்கண்ணாடியை உயர்த்தினேன். பற்றரி போதாவிட்டால் பல கமராக்கள் இந்த வசதியைத் திறந்தே தருவதில்லை, அது நல்லதுக்கே. கமராவின் வாயை நிலத்தை நோக்கிப் பிடித்து, றப்பர் புளோவரின் மூக்கை உள்ளே நுழைக்காமல் இருபது தடவை ஊதினேன். பிறகு சென்சரைத் தொடாமல், அதன் முன்னறையின் சுவர்களை மட்டும் சற்று ஈரமான பழைய ஸ்வாப் ஒன்றினால் ஒற்றினேன். அது செங்கபில நிறமாகத் திரும்பியது. இந்த அறையைத் துடைக்காமல் சென்சரை மட்டும் துடைப்பது, முற்றத்தைக் கூட்டாமல் திண்ணையை மெழுகுவதுபோல. அடுத்த படத்துக்கு முகக்கண்ணாடி எழும்பும்போது மண் திரும்பி வந்துவிடும். முகக்கண்ணாடியையும் மேலேயுள்ள ஃபோகஸ் திரையையும் தொடவில்லை. முகக்கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்தில் இருப்பது, திரை மென்மையான பிளாஸ்டிக். வியூஃபைண்டரில் தெரியும் புள்ளிகள் படத்தில் விழுவதுமில்லை.

இந்த அளவுச் சென்சருக்கு 16 மில்லிமீற்றர் அகல ஸ்வாப் பொருந்தும். ஒரே இழுவையில் மேலிருந்து கீழ்வரை முழு உயரத்தையும் பிடிக்கும். 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர் அளவு முழுச் சென்சருக்கு 24 மில்லிமீற்றர் ஸ்வாப் வேண்டும். நுனியின் விளிம்பில் இரண்டு துளி மெதனோல் திரவத்தை விட்டு, துணி அதை உறிஞ்சிப் பரவவிடும் வரை ஐந்து எண்ணினேன். ஸ்வாப் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. இடது ஓரத்தில் சரித்து வைத்து, நுனி இலேசாக வளையும் அளவு அழுத்தத்தோடு, நிறுத்தாமல் வலது ஓரம் வரை இழுத்து, உயர்த்தாமல் மறுபக்கம் சரித்து, அதே வேகத்தில் திரும்பி வந்து எடுத்தேன். அவ்வளவுதான். அதே ஸ்வாப்பால் இன்னொரு தடவை இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், ஸ்வாப் விலை அப்படி. ஆனால் எடுத்த மண்ணைத் திரும்பப் பூசுவதற்கு அது நேர்வழி.

முதல் ஸ்வாப்பின் நுனி மங்கல் மஞ்சளாக வந்தது, ஒரு முனையில் மெல்லிய செம்மண் கோடு. சோதனைப் படத்தில் நிறப்படலம் பெரும்பாலும் போயிருந்தது, பஞ்சிழைகளும் இல்லை. எண்ணெய்த் துளிகளோ போகவில்லை. ஒவ்வொன்றும் இடமிருந்து வலமாக வால் முளைத்து, வால்வெள்ளிகள் போல நின்றன. இரண்டாவது மெதனோல் ஸ்வாப்பும் வால்களை நீட்டியதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை.

நிறுத்தி யோசித்தபோது விடை தெரிந்தது. ஆமணக்கெண்ணெய் அல்கஹோலில் கரையும். ஏனைய தாவர எண்ணெய்களிடம் இந்தக் குணம் அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் அதை ஸ்பிரிட்டில் சேர்க்க முடிகிறது, அதனால்தான் மெதனோலும் அதை எடுத்தது. கொம்பிரசரின் கனிய எண்ணெய் அப்படியல்ல. மெதனோலில் அது கரைவதில்லையென்றே சொல்லலாம். திரவம் அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. விசிபிள்டஸ்ட் போன்ற நிறுவனங்கள் கறையின் தன்மைக்கேற்ப வெவ்வேறு திரவங்களை விற்பதை வியாபாரத் தந்திரம் என்று நான் முன்பு நினைத்ததுண்டு; முழுவதும் அப்படியல்ல என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது ஸ்வாப்புக்கு ஐசோபுரோப்பைலை எடுத்தேன். அது கனிய எண்ணெயோடு மெதனோலைவிட இணங்கும்; மெதுவாகக் காய்வதால் எண்ணெய்க்குள் இறங்கவும் நேரம் கிடைக்கும். இழுவையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். படத்தில் வளையங்கள் முப்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. நான்காவதிலும் ஐசோபுரோப்பைல், இரண்டு மட்டும் எஞ்சின, கூடவே அது காய்ந்ததனால் வந்த மெல்லிய கோடுகள். ஐந்தாவதில் மெதனோலுக்குத் திரும்பினேன், கோடுகளை எடுப்பதற்காக. எண்ணெயை எடுக்க ஒன்று, அது விட்ட தடத்தை எடுக்க மற்றது என்ற இந்த ஒழுங்கு எனக்கு அன்று தற்செயலாகக் கிடைத்தது. அதன் பிறகு வந்த இரண்டு கமராக்களில் வேண்டுமென்றே செய்து பார்த்து, அதே பலனைக் கண்டேன்.

வலது ஓரத்து இடுக்கில் தேங்கியிருந்த ஆமணக்கெண்ணெய்தான் பெரிய தலைவலி. ஒவ்வொரு இழுவையும் அந்த ஓரத்தைத் தொடும்போது கொஞ்சத்தை வெளியே இழுத்து வந்து புதிய கோடு போட்டது. முழு இழுவையைக் கைவிட்டு, புதிய ஸ்வாப்பின் ஒரு மூலையில் மட்டும் ஒரு துளி தொட்டு, ஓரம் நெடுகக் கீழிருந்து மேலாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். மேலும் திரவம் விட்டுக் கரைக்கலாமே என்று தோன்றும். விட்டால் அது சட்டத்தின் கீழே, தகடுகளின் இடையே ஊறும், அங்கிருந்து எடுக்க எவராலும் முடியாது. ஒற்றுவதற்கு மட்டும் நாற்பது நிமிடம் பிடித்தது. அதன் பின் ஒரு முழு இழுவை.

ஏழு ஸ்வாப்புகளின் பிறகு, படத்தின் கீழ் வலது பகுதியில், மூலைக்குச் சற்று உள்ளே, ஒரு குறி எஞ்சியது. கருமையான மெல்லிய கோடு, சிறிது வளைந்தது. நான்காவது ஸ்வாப்பிலிருந்து அதன் உருவமோ நீளமோ மாறவேயில்லை. சென்சரின் மேல் வலப்பக்கத்தை வில்லையால் பார்த்து, விளக்கைப் பல கோணங்களில் சரித்தபோது, ஒரு கோணத்தில் மட்டும் அது மயிரிழைபோல மின்னியது. தூசி எல்லாக் கோணத்திலும் தெரியும். ஒரு கோணத்தில் மட்டும் மின்னுவது பூச்சிலுள்ள கீறல். சுணையோ மணலோ ஒட்டியிருந்த சென்சரில் கொட்டன் குச்சி இழுபட்ட திசையிலேயே அது இருந்தது.

எட்டாவது ஸ்வாப்பை நான் எடுக்கவில்லை. அழுத்திப் பார்த்தால் ஒருவேளை போகலாம் என்று தம்பி சொன்னார். கீறலை எந்தத் திரவமும் கரைக்காது என்று சொல்லி, முகக்கண்ணாடியை இறக்கி, கமராவை மூடினேன். தகட்டை மாற்றுவதென்றால் சென்சர்த் தொகுதியையே கழற்ற வேண்டும், அந்தக் கமராவின் இன்றைய விலைக்கு அது கட்டுப்படியாகாது. எஃப் 8 வரை கீறல் படத்தில் விழவில்லை. எஃப் 11 இல் தேடினால் தெரிந்தது. எஃப் 16 இல் தேடாமலே தெரிந்தது. இந்த மூன்று படங்களையும் அவருடைய மெமரி கார்டிலேயே பதிந்து கொடுத்தேன்.

ஸ்பிரிட் போத்தலை அவர் என் மேசையிலேயே விட்டுப் போனார். போகும்போது நான் வைத்திருந்த புளோவர்களில் ஒன்றை விலைக்குக் கேட்டார், கொடுத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு போனில் ஒரு சோதனைப் படம் அனுப்பினார்: எஃப் 22, முத்தையன்கட்டுக் குளத்துக்கு மேலான வெறும் வானம். இரண்டு புதிய தூசிப் புள்ளிகள் இருந்தன. புளோவரால் ஊதியபின் எடுத்த அடுத்த படத்தில் அவை இல்லை. கீழ் வலது பகுதியில் கீறல் இருந்த இடத்திலேயே இருந்தது.